பகலில் வரும், மாலையில் போகும்: ஒரு மேசைக்கணினியின் வைஃபைக் கோளாறு

திருச்சி உறையூரில் உள்ள என் அண்ணன் வீட்டு மேசைக்கணினியில் வைஃபை இணைப்பு பகல் முழுவதும் ஒழுங்காக இருந்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு மேல் தடுமாறத் தொடங்கும். இணையப் பக்கம் பாதி திறந்து நிற்கும். காணொலி அழைப்பில் முகம் உறைந்துவிடும். சில நேரம் இணைப்பே அறுந்து, சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் சேரும். அதே அறையில் இருக்கும் கைபேசிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். புதிய ரவுட்டரிலும் அதே கதை தொடர்ந்தது. மாலையில் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்துவதால் நெரிசல் என்பதே வீட்டில் நிலைத்துப்போன விளக்கம். அண்ணி மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "பகல்ல நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்கண்ணன் ஸ்டூடியோவை மூடிட்டு வந்து உட்கார்ந்தாத்தான் அதுக்குக் கோளாறு வருது." கிண்டலாகச் சொன்னதுதான் என்றாலும், பழுது பார்ப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைக்காது என்பது பிறகு தெரிந்தது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் இணைப்பு கூடத்தில் தொலைக்காட்சிக்கு அருகே வந்து முடிகிறது, அங்கேயே ரவுட்டர். கணினி உள்ளறையில், ஏறத்தாழ இருபத்தைந்து அடி தள்ளி இருக்கிறது. இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றும், அதை ஒட்டி ஓர் இரும்பு பீரோவும் உள்ளன. கணினியில் உள்ளமைந்த வைஃபை கிடையாது; வைஃபையை வாங்கித் தரும், விரல் நகத்தளவே உள்ள ஒரு யூஎஸ்பி டாங்கிளைக் கேபினெட்டின் பின்பக்கத்தில் செருகியிருந்தார்கள். அந்த டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கக்கூடிய, 150 மெகாபிட் என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் மலிவான வகை. விண்டோஸ் 10 இயங்குகிறது.

வைஃபைக் கோளாறு என்று யார் சொன்னாலும் நான் முதலில் செய்வது, பாதையை இரண்டாக வெட்டிப் பார்ப்பதுதான். கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை மற்றொரு துண்டு. முதல் துண்டு மட்டுமே வைஃபை. இரண்டாவது துண்டில் கோளாறு இருந்தால் கணினியில் எதைத் தொட்டாலும் பயன் இல்லை; முதல் துண்டில் கோளாறு இருந்தால் இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயன் இல்லை. இதைப் பிரித்தறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சன்னலைத் திறந்து, ஒரு முகவரியை அழைத்துப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையில் முதலில் ரவுட்டரின் முகவரியை அழைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால், டீஃபால்ட் கேட்வே என்ற வரிக்கு எதிரே சரியான எண் தெரியும். அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் சேவையகத்தை அழைக்க வேண்டும். மூன்றாவதாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து அழைக்க வேண்டும். முதல் அழைப்பே தடுமாறினால் குறை வைஃபையில். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தடுமாறினால் குறை வெளியே. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் குறை. பிங் வழக்கமாக நான்கு முறை மட்டுமே அழைத்துவிட்டு நின்றுவிடும். கட்டளையின் இறுதியில் ஒரு கோடும் 'டி' என்ற எழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும் வரை அழைத்துக்கொண்டே இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அப்படி ஓடவிட்டுப் பார்ப்பதே சரி.

பகலில் ரவுட்டரிடமிருந்து 2 முதல் 4 மில்லிவினாடிக்குள் பதில் வந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. மாலையில் அதே சன்னலில் 300, 780, 1,200 என்று எண்கள் ஏறின. நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்ற வரி, அதாவது உரிய நேரத்துக்குள் பதிலே வரவில்லை என்பது, சில நேரம் தொடர்ந்து நான்கைந்து முறை வந்தது. இது ரவுட்டருக்கு மட்டுமான அழைப்பு. வீட்டின் சுவரைத் தாண்டி எதுவும் வெளியே போகவில்லை. ஆகவே தெரு நெரிசல் என்ற விளக்கத்தை, குறைந்தபட்சம் ஃபைபர் கம்பியைப் பொறுத்தவரை, அந்த நிமிடமே கைவிட்டாயிற்று.

கைபேசியை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "என் போனில் நன்றாக வருகிறதே" என்று சொல்பவரின் போன் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும். டாங்கிளோ அந்த அலைவரிசையை அறியாது. இரண்டும் ஒரே ரவுட்டரோடு பேசினாலும் வேறு வேறு சாலையில் போகின்றன. எனவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, என் கைபேசியை வலுக்கட்டாயமாக 2.4இல் இணைத்து, கணினி மேசையின் மேலேயே வைத்துப் பார்த்தேன். அப்போதும் கைபேசிக்கு மாலையில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அதே அலைவரிசை, அதே அறை, அதே நேரம். கோளாறு டாங்கிளிடமோ அதைச் சுற்றியோதான் இருக்க வேண்டும்.

அடுத்ததாக விண்டோஸே வைத்திருக்கும் கணக்கைக் கேட்டேன். 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளை, இணைப்பு அலைவரிசையின் எந்தச் சேனலில், அதாவது எந்த உட்பிரிவில் இருக்கிறது, எந்த வேகத்தில் தரவு வாங்குகிறது, சிக்னல் எத்தனை விழுக்காடு என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டிவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்' என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுத்தால், கடந்த மூன்று நாட்களில் இணைப்பு எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது என்பதை வரைபடத்தோடு ஓர் அறிக்கையாகத் தயாரித்து வைக்கும். இவ்வளவு நல்ல வசதியைப் பொதுப் பயனர் கண்ணில் படாத இடத்தில் மைக்ரோசாஃப்ட் ஏன் வைத்திருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அறிக்கையில் அறுந்த நேரங்கள் எல்லாம் மாலை ஏழுக்கும் பத்துக்கும் நடுவே குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

ஆனால் என்னை நிறுத்தியது சிக்னல் எண். பகலிலும் 78 விழுக்காடு. தடுமாறும் நேரத்திலும் 76, 78. சிக்னல் குறையவே இல்லை. விண்டோஸ் இந்த விழுக்காட்டைக் கணக்கிடும் முறை எளிமையானது: சிக்னலின் வலிமையை அளக்கும் டிபிஎம் என்ற அலகில் −100 டிபிஎம் என்பதைப் பூச்சியமாகவும், −50 டிபிஎம் என்பதை நூறாகவும் வைத்து இடையில் நேர்க்கோடு போடுகிறது. அந்தக் கணக்கில் 78 என்பது ஏறத்தாழ −61 டிபிஎம். சுவரையும் பீரோவையும் தாண்டி வந்த சிக்னலுக்கு இது நல்ல அளவே. ஆனால் வாங்கும் வேகம் என்ற வரியில், பகலில் 72 மெகாபிட் என்று இருந்தது மாலையில் 13, 6.5 என்று இறங்கியிருந்தது. சிக்னல் வலுவாக இருக்க, வேகம் மட்டும் தரைதட்டுகிறது என்றால், எதிராளி பேசுவது காதில் விழுகிறது, ஆனால் பக்கத்தில் யாரோ இரைச்சல் போடுகிறார்கள் என்று பொருள். திரையின் மூலையில் தெரியும் வைஃபைக் கோடுகள் வலிமையை மட்டுமே காட்டும், இரைச்சலைக் காட்டுவதில்லை. கோடுகள் நிறைய இருக்கின்றன, ஆகவே வைஃபை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதால்தான் பல வீடுகளில் இந்த வகைக் கோளாறு ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

இரைச்சல் என்றதும் அண்டை வீட்டு வைஃபைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும், சேனலுக்குச் சேனல் 5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே இடைவெளி. ஒரு வைஃபை இணைப்புக்கு வேண்டியதோ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். கைபேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தபோது, அண்டை வீடுகள் பெரும்பாலும் 6இலும் 11இலும் கூடியிருந்தன. நம் ரவுட்டரும் 'தானியங்கி' என்ற அமைப்பில் 6இல்தான் இருந்தது. அதை 1க்கு மாற்றி, அகலத்தை 20/40 என்பதிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிலைநிறுத்தினேன். 40 மெகாஹெர்ட்ஸ் என்பது தாளில் வேகமாகத் தோன்றினாலும், நெருக்கமான தெருவில் அது அடுத்தவர் இடத்தில் நீட்டிப் படுப்பதுதான். இரு தரப்புக்கும் தூக்கம் கெடும். இந்த மாற்றத்தால் பகல் நேரத்துப் பதில்கள் இன்னும் கொஞ்சம் சீரடைந்தன. மாலைக் கோளாறு அப்படியே இருந்தது. சேனலை மாற்றும்போது 12, 13 ஆகியவற்றை நான் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு: அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட சில டாங்கிள்களுக்கு அந்தச் சேனல்கள் கண்ணிலேயே படாது, வைஃபை பெயரே பட்டியலில் இல்லை என்று பிறகு தேடிக்கொண்டிருக்க நேரும்.

டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துக்கொள்ளலாம் என்ற குறியை எடுத்தேன், டிரைவரைப் புதுப்பித்தேன். இரண்டாலும் மாலையில் மாற்றம் இல்லை. 'நெட்வொர்க் ரீசெட்' என்ற கடைசி அஸ்திரத்தை நான் தொடவில்லை. அது எல்லாப் பிணைய அமைப்புகளையும் துடைத்துவிடும். சில நேரம் கோளாறு போய்விடும், ஆனால் எதனால் வந்தது என்று அறிய வழியில்லாமல் போய்விடும்.

அன்று மாலை அண்ணன் வந்தார். ஸ்டூடியோவில் அன்றைக்கு எடுத்த படங்களை ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கில் கொண்டுவந்து, வீட்டுக் கணினிக்கு நகலெடுத்து வைப்பது அவருடைய வழக்கம். ஞாயிறு ஸ்டூடியோ விடுமுறை. டிஸ்கைச் செருகி நகலெடுக்கத் தொடங்கியவர், மவுஸை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். என்னவென்று கேட்டேன். "பேட்டரி மாத்தி ஒரு வாரம்கூட ஆகலடா, அதுக்குள்ள அம்பு துள்ளித் துள்ளிப் போகுது" என்றார். அது கம்பியில்லா மவுஸ், அதன் ரிசீவரும் கேபினெட்டின் பின்பக்கத்தில்தான் செருகியிருந்தது, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும். வைஃபையும் மவுஸும் ஒன்றாக நோய்ப்படுகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான இரைச்சல் அருகிலேயே இருக்கிறது.

கேபினெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலும் கீழுமாக இரண்டு நீல நிற யூஎஸ்பி போர்ட்கள். நீலம் என்றால் வேகமான யூஎஸ்பி 3 வகை, கறுப்பு என்றால் பழைய யூஎஸ்பி 2 வகை. மேலதில் டாங்கிள், கீழதில் ஹார்டு டிஸ்கின் கம்பி. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. நீல நிறம் வேகமானது என்பதால் டாங்கிளையும் அதிலேயே செருகியிருக்கிறார்கள். டாங்கிளோ யூஎஸ்பி 2 வகை, அதற்கு நீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

யூஎஸ்பி 3 இணைப்பு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் மின்குறிகள் ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் ஒடுங்குவதில்லை; மிகப் பரந்த அலைவெளியில் இரைச்சலாகச் சிந்துகின்றன; 2.4 கிகாஹெர்ட்ஸ் அந்தப் பரப்புக்குள் நன்றாகவே விழுகிறது. கம்பியின் கவசமும் போர்ட்டின் உலோகக் கூடும் எவ்வளவு தரமானவை என்பதைப் பொறுத்து, இந்தச் சிந்தல் கூடும் அல்லது குறையும். இன்டெல் நிறுவனம் 2012 ஏப்ரலில் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கையே வெளியிட்டது. யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கை இணைத்தபோது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் இரைச்சல் அளவு கிட்டத்தட்ட 20 டெசிபல் உயர்ந்ததாக அவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு. வடிகட்டி வைத்து இதைத் தடுக்கவும் முடியாது. நமக்கு வேண்டிய சிக்னலும் வேண்டாத இரைச்சலும் ஒரே அலைவெண்ணில் இருப்பதால், ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். நம் வீட்டு எண்களை வைத்துக் கணக்கிட்டால், அமைதியான நேரத்தில் இரைச்சல் ஏறத்தாழ −95 டிபிஎம் என்று கொண்டால், −61இல் வரும் சிக்னலுக்கு 34 டெசிபல் மேலாதிக்கம் இருக்கிறது. அது 72 மெகாபிட்டுக்குத் தாராளம். இரைச்சல் 20 டெசிபல் ஏறினால் மிஞ்சுவது 14. அந்த நிலையில் டாங்கிள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும். ரவுட்டர் தன் இருப்பை அறிவித்து விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை அனுப்பும் சிறு குறிப்புகளையும் தொடர்ந்து தவறவிட்டால், ரவுட்டர் போய்விட்டது என்று முடிவெடுத்து இணைப்பையே அறுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் விளக்கம்தான், நிரூபிக்க வேண்டாமா? திரையின் இடப்பக்கம் ரவுட்டரை அழைத்துக்கொண்டே இருக்கும் பிங் சன்னல். வலப்பக்கம் நகலெடுக்கும் சன்னல். நகலெடுப்பு ஓடும்போது இடப்பக்கத்தில் 640, 910, டைம்ட் அவுட், டைம்ட் அவுட், 1,150. நகலெடுக்கும் சன்னலில் இருக்கும் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தினேன். பச்சைப் பட்டை மஞ்சளாக மாறி நின்றது. ஓரிரு விநாடியில் இடப்பக்கம் 85, 40, 22 என்று இறங்கியது. ஆனால் பகலில் கண்ட 3க்கு வரவில்லை. டிஸ்கை முறைப்படி விடுவித்துக் கம்பியைப் பிடுங்கியதும் 4, 3, 3, 2. இந்த இடைப்பட்ட நிலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அது விளக்கத்தோடு பொருந்துகிறது: யூஎஸ்பி 3 இணைப்பு தரவு எதையும் அனுப்பாத நேரத்திலும், உறக்க நிலைக்குப் போகும் வரை, வெற்றுக் குறிகளை அனுப்பித் தன்னை உயிரோடு வைத்துக்கொண்டிருக்கும். வேலை நின்றாலும் வாய் ஓயாது. மீண்டும் செருகி நகலெடுப்பைத் தொடங்கினேன். மறுபடியும் டைம்ட் அவுட். அண்ணன் அதற்குப் பிறகு மவுஸைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாற்று விளக்கம் மிச்சம் இருந்தது. டிஸ்க் போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. அது அதிகம் இழுப்பதால் பக்கத்து டாங்கிளுக்கு மின்சாரம் போதாமல் போகிறதோ என்ற ஐயம். இதைச் சோதிக்க டிஸ்கை ஒரு கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகி அதே கோப்புகளை நகலெடுத்தேன். டிஸ்க் சுழல்கிறது, மின்சாரம் எடுக்கிறது, தரவும் ஓடுகிறது. ஆனால் பிங் 3இலேயே நின்றது. நகலெடுக்கும் வேகம் மட்டும் விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் இருந்தது முப்பத்து சொச்சமாக விழுந்தது. ஆக, குற்றவாளி மின்சாரமும் இல்லை, டிஸ்கின் மோட்டாரும் இல்லை. யூஎஸ்பி 3 இணைப்பின் சிந்தலேதான். டிஸ்கை நிரந்தரமாகக் கறுப்பு போர்ட்டிலேயே விட்டுவிட்டால் கோளாறு தீர்ந்துவிடும் என்றாலும், திருமணப் படங்களை நூறு கிகாபைட் கணக்கில் நகலெடுப்பவருக்கு அந்த வேகம் கட்டுப்படியாகாது.

டிஸ்க் நீலத்திலேயே இருக்கட்டும் என்று, டாங்கிளை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு அங்குலம் தள்ளியிருந்த கறுப்பு போர்ட்டுக்கு மாற்றியபோது நிலைமை பாதி சீரானது. டைம்ட் அவுட் அரிதாகியது, ஆனால் எண்கள் இன்னும் துள்ளின. கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டும் நல்ல தீர்வு ஆகாது. அங்கிருந்து மதர்போர்டு வரை உள்ளே ஓடும் யூஎஸ்பி 3 கம்பியும் இதே மாதிரி சிந்தக்கூடியது. சரியான மருந்து தூரம்தான். ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி வந்து, ஒரு முனையைக் கறுப்பு போர்ட்டில் செருகி, மறுமுனையில் டாங்கிளைப் பொருத்தி, அதைக் கேபினெட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் கட்டிவிட்டேன். யூஎஸ்பி 2 கம்பி 5 மீட்டர் வரை நீளலாம் என்பதால் ஒன்றரை மீட்டரில் எந்த இழப்பும் இல்லை. நீலக் கம்பியாகத் தேடி வாங்க வேண்டியதும் இல்லை. இந்த இடத்துக்கு மலிவான கறுப்புக் கம்பியே பொருத்தமானது.

விளைவு உடனே தெரிந்தது. நகலெடுப்பு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, பிங் 2, 3, 3, 5 என்று போனது. வாங்கும் வேகம் 72இலேயே நின்றது. கூடவே சிக்னல் 78இலிருந்து 90க்கு ஏறியது. கேபினெட் இரும்புப் பெட்டி. அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்திருந்த டாங்கிள் ரவுட்டரை நேராகப் பார்க்கவே இல்லை. இப்போது அது பீரோவின் தலைக்கு மேலாகப் பார்க்கிறது. மவுஸின் ரிசீவரை முன்பக்கத்துக்கு மாற்றினோம். அது மவுஸுக்கு மிக அருகில் இருப்பதால், முன்பக்கக் கம்பியின் சிறு இரைச்சலை எளிதில் வென்றுவிடுகிறது.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில காலைகளில் வைஃபை இணைந்திருந்தும் 'இணையம் இல்லை' என்று வருவதாக அண்ணி சொன்னார். இது வேறு நோய். மாலை நோயின் அமளியில் மறைந்து கிடந்தது. அப்படி வந்த ஒரு காலையில் ஐபிகான்ஃபிக் கொடுத்துப் பார்த்தபோது, கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கியது. அந்த எண்வரிசை கண்ணில் பட்டால் மேற்கொண்டு இணையத்தைத் தேட வேண்டாம்; ரவுட்டர் வழங்கும் முகவரி கிடைக்காமலோ, இருந்த முகவரி செல்லாமலோ போய், கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த முகவரியோடு ரவுட்டரைத் தாண்டி எங்கும் போக முடியாது.

அமைப்பைத் திறந்தபோது காரணம் வெளிப்பட்டது. முன்பு எப்போதோ பழுது பார்க்க வந்த ஒருவர், கணினிக்கு 192.168.1.5 என்ற முகவரியைக் கைப்பட எழுதி நிலைநிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ரவுட்டரோ 192.168.1.2 தொடங்கி வரிசையாக எல்லோருக்கும் முகவரி வழங்கும்படி அமைந்திருக்கிறது. 5 என்ற எண் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது என்பது அதற்குத் தெரியாது. காலையில் அண்ணி தொலைக்காட்சியில் பக்திப் பாடல் போடும் நேரத்தில் கணினி அணைந்திருக்கும். ரவுட்டர் சில நாட்களில் அந்த 5ஐத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிடும். பிறகு கணினியை இயக்கினால், தன் எண்ணில் வேறொருவர் இருப்பதை விண்டோஸ் கண்டுகொண்டு ஒதுங்கி, 169.254க்குப் போய்விடும். தொலைக்காட்சி வேறு எண் வாங்கிய நாட்களில் ஒன்றும் நடக்காது. அதனால்தான் 'சில காலைகளில்'.

திருத்தம் எளிமையானது. கணினியில் முகவரியையும் டிஎன்எஸ்ஸையும் தானியங்கியாக மாற்றினேன். ஸ்டூடியோ பிரிண்டருக்கான மென்பொருள் ஒன்று நிலையான முகவரி கேட்கும் என்பதால், ரவுட்டரின் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில் டாங்கிளை அடையாளம் காட்டும் அதன் வன்பொருள் எண்ணை (மேக் முகவரியை)ப் பதிந்து, அதற்கு எப்போதும் 192.168.1.50 மட்டுமே வழங்கும்படி செய்தேன். நிலையான முகவரி வேண்டுமென்றால் அதை ரவுட்டரிடம் எழுதி வைப்பதே முறை; கணினியில் மட்டும் எழுதினால், வழங்குகிறவருக்குத் தெரியாமல் ஒரு சொத்தை அனுபவிப்பதாகிவிடும். பழைய மேசைக்கணினி என்பதால் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போனால், இணைப்பு முழுதாக இருந்தும் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்க மறுக்கும். இங்கே தேதி சரியாகவே இருந்தது.

மிஞ்சியிருப்பது சமையலறை மைக்ரோவேவ். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. அது ஓடும் ஓரிரு நிமிடம் பிங் எண்கள் 30, 40 என்று ஏறி இறங்குகின்றன. டைம்ட் அவுட் வருவதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டோம். 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்கினால் யூஎஸ்பி இரைச்சலின் பெரும்பகுதியும் மைக்ரோவேவும் ஒருசேர விலகிவிடும். ஆனால் அந்த அலைவரிசை சுவரையும் பீரோவையும் ஊடுருவும்போது 2.4ஐவிட அதிகம் தேயும் என்பதால், வாங்குவதற்கு முன் ஒருவருடைய டாங்கிளை இரவல் வாங்கி அந்த ஆணியில் மாட்டிப் பார்க்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நூறு கிகாபைட் கணக்கில் படங்களைப் புரட்டுகிறவருக்கு வைஃபையே வேண்டாமல், ரவுட்டரிலிருந்து கணினி வரை ஒரு கேட் 6 பிணையக் கம்பி இழுப்பதே சாலச் சிறந்தது. கூடத்துச் சுவரில் துளை போட அண்ணி இப்போதைக்குச் சம்மதிக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கதவு நிலைக்கு மேலே உள்ள மின்கம்பிப் பட்டியை ஒட்டி, ஆனால் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், தனிப் பட்டியில் கொண்டுபோகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.